நான்காவது முறைப்பாடு: பூட்டுப்படாத 12 செட் ஃபின்

உல்லை, பொத்துவில்
ஜூன் 14

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

இது நான் அனுப்பும் நான்காவது முறைப்பாடு. முதல் மூன்றுக்கும் "கிடைத்தது, கவனிக்கிறோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. ஏப்ரல் கடைசியில் உங்களிடம் 12 செட் சேர்ஃப் ஃபின் (அலையில் ஓடும் பலகையின் அடியில் பூட்டும் துடுப்பு) எடுத்தேன். இன்றைக்கு ஏழு கிழமை. ஒன்றுகூட என் சேர்ஃப் போட்டில், அதாவது அந்தப் பலகையில், பூட்டுப்படவில்லை.

என் போட் எல்லாம் ஃபின் பூட்டுவதற்கு ஃபியூச்சர்ஸ் வகைப் பெட்டி வைத்தவை. நீளமாக ஒரே குழி, அதற்கு ஒரே ஸ்குரூ. நீங்கள் அனுப்பியது இரண்டு பல் வைத்த பழைய எஃப்.சி.எஸ். வகை. இதுக்குள் அது போகாது. ஓடர் கொடுத்த அன்றே போட்டைக் கவிழ்த்து வைத்து, பெட்டி தெரியப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக்கும் விழுந்தன. பார்த்துவிட்டுத்தானே பார்சல் கட்டினீர்கள்? ஃபின் விற்கிற கம்பனிக்கு இந்த வித்தியாசத்தை நானா சொல்லித்தர வேண்டும்?

உங்கள் தொலைபேசியில் பேசிய அந்தத் தம்பியை என்னால் மறக்க முடியாது. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "பல்லை அரத்தால ராவிப் போட்டுப் பாருங்க" என்றார். அது ஏலாது என்றேன். "அந்தக் காலத்தில ஃபின் இல்லாமத்தானே ஓடினாங்க, நீங்களும் ஓடுங்க" என்று சிரித்தார். நான் அறுகம்பேயில் 11 வருடமாகச் சேர்ஃபிங் பழக்குகிறவன். ஃபின் இல்லாத போட்டின் வால் அலை முகத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும். இங்கே அலை ஓடும் மெயின் பொயின்ட் என்ற இடத்தின் அடி மணல் இல்லை, பாறை. அங்கே வழுக்கி விழுகிற பிள்ளையின் தலைக்கு யார் பொறுப்பு? மூன்று ஃபின் வைத்த போட்டில் ஆஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன் 1981 இல் பெல்ஸ் பீச்சில் வென்றார். அதற்குப் பிறகு உலகமே அப்படி மாறியது. அதை விற்று வாழ்கிறவர்கள் என்னிடம் ஃபின் எதற்கு என்று கேட்கலாமா?

அந்தப் பேச்சை நம்பி என் மச்சான் ஒன்றை ராவி அழுத்திப் பார்த்தான். பெட்டி வெடித்தது. தெரியாமல் கடலுக்குக் கொண்டுபோனதில் போட்டுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. இனி அந்தப் பெட்டியை வெட்டி எடுத்து, காயவைத்து, ஃபைபர் துணி வைத்து ரெசின் ஊற்ற வேண்டும். அந்தச் செலவும் உங்களுடையதுதான்.

கொழும்புக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். "நேரில் கொண்டுவாங்க, உடனே மாத்தித் தாறோம்" என்றதால் ஜூன் 3 இரவு பஸ் ஏறினேன். 12 செட்டையும் உரப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு சியம்பலாண்டுவ, மொனராகலை, இரத்தினபுரி என்று 300 கிலோமீற்றருக்கு மேல். விடியவே உங்கள் வாசலில் நின்றேன். பொறுப்பானவர் மீட்டிங்கில் என்றார்கள். அம்மா கட்டித் தந்த பிட்டைப் படியில் இருந்து சாப்பிட்டேன். ஒரு தண்ணீர்ப் போத்தல் தரக்கூட ஆளில்லை. மூன்று மணிக்கு ஒருவர் வந்து பையைத் திறந்தார். "அட்டைப் பெட்டி கிழிஞ்சிருக்கு, எடுக்க ஏலாது" என்று ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டார். பெட்டியைக் கிழிக்காமல் உள்ளே என்ன வகை என்று எப்படி ஐயா பார்ப்பது? அதே உரப்பையோடு அன்றிரவே திரும்பினேன்.

என்னிடம் பழகும் சுவிஸ் நாட்டுக்காரர் ஒருவர் பனிமலையில் ஸ்கீ ஓடுகிறவர். இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். மலை ஏறி இறங்குகிற ஸ்கீக்கு பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டு) வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது சப்பாத்தையாம். அந்த பைண்டிங்கின் முன்பக்கத்து இரண்டு ஊசியும் சப்பாத்து நுனியின் இரும்புத் துளைக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். துளை இல்லாத சப்பாத்துக்கு அதை விற்கவே மாட்டார்களாம். பிறகு ஓடுகிறவரின் எடை, ஸ்கீயின் அகலத்துக்கு ஏற்ற பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்களாம். நீங்கள் என்னிடம் கேட்டது காசு எப்போது போடுவீர்கள் என்பது மட்டும்தான். எடைக்கு ஏற்ற அளவு வேண்டுமென்று நான் எழுதியிருந்தும் எல்லாம் லார்ஜ். படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் 60 கிலோகூட இல்லை.

எங்களுக்குச் சீசன் ஒக்டோபர் வரைதான். அந்த ஆறு மாதக் காசில்தான் மிச்ச ஆறு மாதமும் அடுப்பு எரிகிறது. 12 போட், ஒரு போட்டுக்கு நாளுக்கு 1,500 ரூபாவாகப் பார்த்தால் 45 நாளில் எட்டு இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. என் வருடமே போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு ஆசையில்லை. தயவுசெய்து ஜூன் 28 க்கு முன் சரியான வகையில் மீடியம் ஏழு செட்டும் லார்ஜ் ஐந்து செட்டும் உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுக் காசையும் என் கணக்கில் போடுங்கள். வெடித்த போட்டின் திருத்தக் கூலியும் பஸ் காசும் தனியாக வேண்டும். அந்தத் தம்பி என்னை அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அதுவும் நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறையிடுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதோடு விடமாட்டேன். பற்றுச்சீட்டு, படங்கள், நீல டிக் விழுந்த வாட்ஸ்அப் எல்லாம் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உல்லையில் போட் வாடகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடைக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டுவேன்.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் வாடிக்கையாளர்,
சேர்ஃபிங் பயிற்றுநர்

பி.கு.: இந்த முறை பார்சல் கட்டுமுன் ஒரு ஃபின்னின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் "சரி" என்று எழுதிய பிறகு ஒட்டுங்கள்.