மச்சு தாங்குமா? – சேக்காளிக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, வெயிலில் அலைய விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவள் ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான்.

நான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் கல்லிடைக்குறிச்சி வீட்டைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். நூறு வயசைத் தாண்டிய மச்சு வீடு. கம்பி அழி பாய்ச்சிய திண்ணை, முன்கூடமான தார்சா, நடுக்கூடமான பட்டாசல், உள்ளறையான அரங்கு வீடு, மேலே மாடியாக மச்சு, அதற்கும் மேலே மொட்டை மாடியான மட்டப்பா. வாரிசுகள் அதை விற்காமல், ஊருக்கு நூலகமாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்டினால் கணக்காவது தெளிவாக இருக்குமே என்று நீ கேட்டாய். கணக்கு தெளிவாக இருக்கும், மறுக்கவில்லை. நாம் காலேஜில் படித்தது முழுக்க இரும்பும் கான்கிரீட்டும்தானே. ஆனால் இந்த வீட்டை இடிக்க ஒரு காரணமும் எனக்கு அகப்படவில்லை.

முதலில் சுமையைப் பார்த்தேன். கட்டிடம் தாங்க வேண்டிய சுமையைச் சொல்லும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 உனக்கு மனப்பாடம். குடியிருக்கும் வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ போதும். புத்தக அலமாரிகள் நெருக்கமாக நிற்கும் அறை என்றால் 600 கிலோவுக்குப் பார்க்க வேண்டும். மச்சுத் தளமோ சும்மா கிடக்கும்போதே கனம். தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்துவாட்டில் கோணல் வரிசையாகக் காரை வைத்து ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். அதன் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டி வரும். 5 அங்குலக் கான்கிரீட் தளம் அதைவிட லேசு. அதன் மேல் புத்தகத்தையும் ஏற்றினால் கட்டைக்குக் கட்டை இரும்பு வைக்க வேண்டியதுதான்.

அதனால் புத்தகத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். பட்டாசலும் அரங்கு வீடும் மண்மேல் கெட்டித்த தரை, எவ்வளவு அடுக்கினாலும் தாங்கும். மச்சில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும். புத்தகம் தனியாக வேறிடத்தில் இருந்தால் வாசிப்பறைக்கு 300 கிலோ பார்த்தால் போதும், அதற்குக் கட்டைகள் கணக்கில் தேறுகின்றன. பழைய கட்டிடத்தைக் காப்பாற்றுகிற வேலையில் பாதி இப்படித்தான் முடிகிறது. இன்ன அறைக்கு இன்ன வேலை என்று ஆரம்பத்திலேயே யோசித்துப் பிரித்துவிட்டால் அப்புறம் பலப்படுத்த வேண்டியது கொஞ்சம்தான். பிளான் போடுகிறவர் ஒரு பக்கமும் கணக்குப் போடுகிறவர் இன்னொரு பக்கமும் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது.

கணக்கில் தேறிய கட்டை நிஜத்தில் தேற வேண்டுமே! கட்டைகளின் நடுவில் பயமில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முக்கால் அடிதான் ஆபத்து. மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கி முனையில் தங்கும். காற்றும் படாது, கண்ணிலும் படாது. ஆசாரி சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீரென்று வந்த சத்தம் மேற்குச் சுவரோரம் பொத்தென்று மாறியது. பக்கத்துச் செங்கல்லை உருவிவிட்டுத் திருப்புளியைக் குத்தினேன். மற்ற இடங்களில் நகக்கண் அளவுகூட இறங்காதது, அங்கே கைப்பிடி வரைக்கும் போயிற்று. உள்ளே முழுக்கக் கரையான் மண். வெளியிலோ பெயிண்ட்கூட உரியவில்லை.

இருபுறமும் முட்டுக் கொடுத்து, செல்லரித்த முனைகளை மட்டும் வெட்டினோம். இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய தேக்கைச் சேர்த்து, இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை வைத்து போல்ட் முடுக்கினோம். முனைக்கு அடியில் கருங்கல் படுக்கை, சுற்றிலும் விரல் அகலத்துக்குக் காற்றோட இடம். பிறகு மணல் மூட்டைகளைப் படிப்படியாக ஏற்றி, கீழே தொய்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். எவ்வளவு தொய்கிறது என்பதோடு, மூட்டையை இறக்கிய பிறகு எவ்வளவு மீள்கிறது என்பதும் முக்கியம். நன்றாகவே மீண்டது.

கீழ்ச் சுவர்தான் மனசைக் கஷ்டப்படுத்தியது. முன்பு யாரோ ஒரு காண்டிராக்டர் தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை, அதாவது ஓதத்தை, மறைக்க இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்கு மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்துக் காரை மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே இளகிக்கொடுக்கும், மயிரிழை விரிசலைக் காலப்போக்கில் தானே மூடிக்கொள்ளும். இப்போது சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் காரை குழைத்துப் பூசுகிறோம். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. இதை நூலகக் கமிட்டிக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை.

பழைய கட்டிடத்தை நம்ப முடியாது என்கிறாயே, ஒருநாள் சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனையாக இருந்த கலச மகாலைப் போய்ப் பார். 2012இல் தீயில் எரிந்து போனதைப் பொதுப்பணித் துறை பழைய முறைப்படி மீட்டெடுத்தது. இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. நம்ம ஊரில் தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம், 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். மச்சுக்குப் போகும் மரப்படி ரொம்பச் செங்குத்து. பிள்ளைகள் கூட்டமாக ஏறி இறங்க அது ஆகாது, தீ பிடித்தால் தப்பிக்கவும் இரண்டாவது வழி வேண்டும். அதனால் புறவாசலில் இரும்புப் படி ஒன்றைத் தனி அஸ்திவாரத்தில் நிறுத்தப் பார்க்கிறேன். பழைய சுவர் எப்போதோ இறங்க வேண்டியதை இறங்கி முடித்துவிட்டது, புதுப்படி இனிமேல்தான் இறங்கும். ஒன்றை ஒன்று இழுக்காதபடி நடுவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். படமும் மண் பரிசோதனை முடிவும் கூடவே அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரிலேயே பார்த்துவிடலாம். மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சேக்காளி