போர்டுக்கு முன்னால் நிறுத்தி நேரம் எண்ணாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கணக்குப் பீரியடில் நடந்தது உங்களுக்கே தெரியும்: என் மகளைப் போர்டுக்குக் கூப்பிட்டு, கணக்கு முடிக்கச் சொல்லி, பத்திலிருந்து கீழே எண்ணினார் சார். என் மகள் எழுத முடியாமல் நின்றது, பெருக்கினால் 12, கூட்டினால் 7 வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கும் இடத்தில். முந்தின ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே இதைவிடக் கஷ்டமானதை வாயாலேயே போட்டுச் சொன்னவள் அவள்.

ஏன்டா வரலை என்று கேட்டேன். "3, 4ன்னு தெரிஞ்சுதும்மா. சரிதானான்னு பார்த்தேன், திரும்பப் பார்த்தேன். கை நடுங்குறது பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியுமோன்னு நினைச்சேன். சார் பத்து, ஒன்பதுன்னு எண்ணிட்டே இருந்தாரு. அப்புறம் 3ஐயும் 4ஐயும் கூட்டினா என்னன்னே தெரியலைம்மா" என்றாள். அன்றிலிருந்து வீட்டிலும் ஒவ்வொரு வரியை எழுதியதும் அழித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மனசில் பிடித்து வைக்கும் இடம் ரொம்பச் சின்னது. பயமும், நான் சரியாகச் செய்கிறேனா என்று தன்னையே வேவு பார்ப்பதும் அதே இடத்தைத்தான் பிடுங்கிக்கொள்கின்றன. 2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியது இது, நான் இட்டுக்கட்டியது இல்லை. கணக்குப் பயம் அதிகம் உள்ளவர்கள், மீதி எடுத்துக் கூட்டும் கணக்குகளில், மனசில் வேறொன்றையும் சேர்த்து வைத்திருக்கச் சொன்னபோதுதான் அதிகம் தடுமாறினார்கள். நீங்கள் பத்திலிருந்து கீழே எண்ணுவதும் அந்த வேறொன்றுதான், அய்யா. பொதுத்தேர்விலேயே வினாத்தாளை வாசிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள், பத்து விநாடி கணக்கு எங்கிருந்து வந்தது?

போர்டுக்கு முன்னால் நிறுத்தி நேரம் எண்ணுவதை நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "பொண்ணுங்களுக்குக் கணக்கு இவ்வளவுதான்" என்று அன்று வகுப்பில் சொல்லப்பட்டது. யார் சொன்னது என்று எழுத வேண்டாம் என என் மகள் கெஞ்சியதால் எழுதவில்லை. மார்க் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சிவப்பில் வட்டம் போடுவதும் அந்த மாதிரிதான். முப்பத்தைந்து எடுக்காத பிள்ளையின் பெயரை நாங்கள் எல்லோரும் படித்து என்ன செய்யப்போகிறோம்?

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் உழைப்பதை அறிவேன். தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது, வியாழக்கிழமை டெஸ்டுக்கு முன் அதை ஒருமுறை செய்து பார்க்கலாமா? அதற்கு நேரமில்லை என்றாலும் சரி, அவரவர் நோட்டில் போடவிடுங்கள். யாரையும் போர்டுக்குக் கூப்பிட்டு நேரம் எண்ண வேண்டாம் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா