அசன நோட்டில் என் பேரு

பெல்ஃபாஸ்ட்
நவம்பர் 16, ஞாயிறு ராத்திரி

கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். தேவ கிருபையால நான் இங்க சுகம். நீங்க, ஆச்சி, அண்ணன், மதினி, குட்டிப்பய எல்லாரும் சுகமா இருக்க ஜெபிக்கேன்.

உங்க கடுதாசி போன வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. என்கூட தங்கியிருக்கிற சேச்சி ஊருல இருந்து கொண்டு வந்த பெட்டியில, நேந்திரங்காய் சிப்ஸுக்கும் குடம்புளிக்கும் நடுவுல இருந்தது. அதைக் குடுக்கதுக்கு அண்ணன் திருவனந்தபுரம் வரைக்கும் போனானாமே. நாலு பக்கத்திலயும் கருப்பட்டி வாசம். முதல்ல மோந்து பாத்துட்டுத்தான் வாசிச்சேன்.

ரெண்டு மாசமா போன்ல "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்"னு மட்டும் சொல்லுதேன்னு கோபப்பட்டிருக்கீங்க. உங்களுக்குக் காது மந்தமான பிறகு நான் கத்தித்தான் பேசணும். கத்தினா ராத்திரி வேலை பாத்துட்டுத் தூங்குற சேச்சி எழும்பிருவா. அங்க மதினி ஸ்பீக்கர்ல போட்டா மேட்டுத்தெரு பெரியம்மை வரைக்கும் கேக்கும். எழுதிட்டா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்க மட்டும் வாசிக்கலாம்லா. எழுதாம இருந்தது என் தப்புதான்.

குளிரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. குளிரு பழகிருச்சும்மா, இருட்டுதான் பழகல. இப்பவே நாலே காலுக்கெல்லாம் பொழுது அடஞ்சிருது. காலையில ஏழு மணிக்கு வேலைக்கு இறங்கும்போதும் இருட்டு, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும்போதும் இருட்டு. மழையும் நம்ம ஊர் மாதிரி கொட்டித் தீத்துட்டுப் போகாது. சல்லடையில மாவு சலிக்கிற மாதிரி நாள்பூரா விழுந்துக்கிட்டே இருக்கும். கோட்டு வாங்கிட்டேன், கவலைப்படாதீங்க. சாரிட்டி கடைன்னு இங்க உண்டு. சனங்க குடுக்கிற பழசை வித்து அந்தக் காசை நல்ல காரியத்துக்குக் குடுப்பாங்க. ஒன்பது பவுண்டு. உள்பையில யாரோ மறந்த பெப்பர்மிண்ட் ஒண்ணு கிடந்தது.

சாப்பாடுன்னா உருளைக்கிழங்குதான். அவிச்சு, மசிச்சு, பொரிச்சு, ரொட்டியாத் தட்டி, எந்த வேஷத்துல வந்தாலும் உருளைக்கிழங்கு. மசிச்சதுல வெங்காயத் தாளை நறுக்கிப் போட்டு, நடுவுல குழி பண்ணி வெண்ணெய் விடுவாங்க, 'சாம்ப்'னு பேரு. நீங்க உளுந்தங்களியில விரலால குழி பண்ணி நல்லெண்ணெய் விடுவீங்கல்லா, பாக்க அதே மாதிரி. முதல் தடவை தட்டுல வச்சப்ப என்னமோ எனக்கு இறங்கல.

குட்டிப்பயகிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க. எங்க சன்னல்ல நின்னா துறைமுகத்துல ரெண்டு மஞ்சக் கிரேன் தெரியும். டைட்டானிக் கப்பலைக் கட்டின கம்பெனியோடது. கிரேன் ரெண்டும் ரொம்பப் பின்னால வந்தது, 1969-ல ஒண்ணு, 1974-ல ஒண்ணு. பேரு கோலியாத், சிம்சோன்! கோலியாத்து 96 மீட்டர், சிம்சோன் 106. தாவீதை மட்டும் எங்கயும் காணோம்.

கீழ்வீட்டுத் தாத்தா அந்தக் கப்பல் கட்டுற இடத்துலதான் முப்பது வருஷம் வெல்டரா இருந்தாராம். நான் வந்த புதுசுல மாடிப்படியில நிறுத்தி, "நீ கத்தோலிக்கா, புராட்டஸ்டண்டா?"ன்னார். இந்த ஊர்ல அது சும்மா கேக்குற கேள்வி இல்ல. ரெண்டு கூட்டத்தையும் பிரிச்சு தெருவுக்குக் குறுக்கே இன்னும் மதில் நிக்குது. சில இடத்துல ராத்திரியானா கேட்டைப் பூட்டிருவாங்க. நான் யோசிக்காம "சி.எஸ்.ஐ."ன்னுட்டேன். "அது டி.வி.யில வாற போலீஸ் நாடகம்லா?"ங்கார். பிறகு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல விளக்கினேன்: 1947 செப்டம்பர்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேந்து தென்னிந்தியத் திருச்சபைன்னு ஒரே சபையாச்சு, அதுதான் சி.எஸ்.ஐ.ன்னு. ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கிட்டு நின்னார். "ஒரே கோயிலுக்குள்ள இருக்கீங்களே, சண்டை வராதா?"ன்னார். "எலெக்‌ஷன் வந்தா வரும்"னேன். அண்ணன் சிரிப்பான், அவன்கிட்ட இதை வாசிச்சுக் காட்டுங்க.

அந்தத் தாத்தா அதிகம் பேசமாட்டார். ஆனா குப்பை எடுக்குற நாளு விடியக்காலம் எழுந்து மூணு வீட்டுக் குப்பைத் தொட்டியையும் ரோட்டுக்கு இழுத்து வச்சிருவார், மத்தியானம் திருப்பியும் கொண்டு வந்துருவார். நன்றி சொல்லப் போனா கதவைத் திறக்கமாட்டார். ஒருநாள் பருப்பு வடை சுட்டு ஒரு கிண்ணத்துல கொண்டு போய் வாசல்ல வச்சுட்டு ஓடி வந்துட்டேன். மறுநாள் கிண்ணம் கழுவித் துடைச்சு என் வாசல்ல இருந்தது. உள்ள ரெண்டு உருளைக்கிழங்கு. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. இவருக்கு யாரு சொன்னாங்களோ!

முதியோர் இல்ல வேலையில அஞ்சாம் நம்பர் ரூம் பாட்டியைப் பத்திச் சொல்லியிருக்கேன்லா. தொண்ணூத்தி ரெண்டு வயசு, என் பேரு தினமும் புதுசு. காலையில ரெண்டு துண்டு ரொட்டி வச்சா ஒண்ணைத்தான் தின்பா. இன்னொண்ணைக் கைத்துடைக்கிற தாள்ல பொதிஞ்சு கம்பளிச் சட்டைப் பையில வச்சுக்கிடுவா. சாயங்காலம் நான் காலைக் கழுவிக் களிம்பு தடவும்போது அதை எடுத்து என் கையில வச்சு விரலை மூடிவிடுவா. "உன் வீ பிள்ளைகளுக்கு"ம்பா. இங்க சின்னதுக்கெல்லாம் 'வீ'தான். எனக்குப் பிள்ளை இல்லன்னு சொல்லிப் பாத்தேன், அவளுக்கு நிக்கல. இப்ப வாங்கிக்கிடுதேன். நீங்க உலை வைக்கும்போது முதல் கைப்பிடி அரிசியை எடுத்து அந்தப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில போடுவீங்களே, அதுதான் ஞாபகம் வரும். அப்பாவுக்குச் சம்பளம் வராத மாசத்துலயும் அந்தப் பாட்டில் நிறையும். எனக்கு அப்ப எரிச்சலா இருக்கும். நம்ம பானையிலயே இல்லாதப்ப மிஷனெரிக்கு என்னத்துக்குன்னு உங்ககிட்ட ஒரு தடவை கேட்டு அடி வாங்கினேன்.

"ஏமி அம்மை அங்க இருந்து வந்து நம்ம பிள்ளைகளை எடுத்து வளத்தாங்க, நீ இப்ப அவங்க ஊர்க் கிழவிமாரைப் பாக்குத, கர்த்தர் கணக்கை நேராக்கிட்டார்"னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு இதை நம்ம சபை ஐயர்கிட்ட சொல்லி பிரசங்கத்துல போட வச்சிராதீங்கம்மா. ஏமி கார்மைக்கேல் அம்மை மிஷனெரியா வந்து டோனாவூர்ல பிள்ளைகளை வளத்தது சம்பளம் வாங்கிக்கிட்டு இல்ல. நான் மணிக்கூர் கணக்குல வாங்குதேன், பிந்தினா பிடிச்சுக்கிடுவாங்க. அவங்க 1895-ல கப்பலேறினவங்க, 1951-ல கண்ணை மூடுற வரைக்கும் ஒரு தடவை கூட ஊருக்குத் திரும்பல. நான் வந்து ஒண்ணரை வருஷம் ஆகுது, டிக்கெட் விலை பாக்காத நாள் இல்ல.

அவங்க பிறந்த மில்லைல் ஊருக்குப் போனேன், போன மாசம் ஒரு லீவு நாள்ல. இங்க இருந்து பஸ்தான். ஆச்சி கேட்டுக்கிட்டே இருக்காளேன்னு போனது. கடற்கரையில சின்ன ஊரு. அவங்க குடும்பம் மாவு மில் வச்சிருந்த இடம். நீலக் கண்ணு வேணும்னு ராத்திரி ஜெபம் பண்ணிட்டு காலையில கண்ணாடியில போய்ப் பாத்தாங்கன்னு சண்டே ஸ்கூல்ல டீச்சரக்கா சொல்லுவாங்கல்லா, அது இந்த ஊர்லதான். தெளிவான நாளா இருந்தா எதிர்க்கரையில ஸ்காட்லாந்து தெரியுமாம். அன்னைக்கு மூடுபனியில எனக்கு என் கையே தெரியல. கொண்டு போன எலுமிச்சம் சோத்தை பஸ் ஸ்டாப்புல உக்காந்து சாப்பிட்டேன், சோறு ஐஸாட்டம் இருந்தது. ஆச்சிக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வச்சிருக்கேன். அம்மை தன் கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னு சொன்னவங்க, அதனால அங்க கொண்டு போய் வைக்க வேண்டாம். ஆச்சி சுருக்குப்பையில வச்சுக்கிடட்டும்.

கோயிலுக்கு ஒழுங்காப் போறேன். ஆராதனை முறை நம்முடையதுக்குக் கிட்டத்தட்டதான், திருவிருந்துல எங்க முழங்கால் போடணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஒரு மணிக்கூர்ல முடிஞ்சிரும், அந்நேரம் நம்ம ஐயர் முன்னுரையிலதான் இருப்பார். ரெண்டு மாசமா ஷிப்ட் கொஞ்சம் குறைவு. நல்லா ஓய்வு கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க. அதனால வியாழக்கிழமை கோயில் ஹால்ல சாமான் பை கட்டுற ஊழியத்துக்குப் போறேன். இல்லாதப்பட்டவங்களுக்கு ஒரு வாரத்துச் சாமான்: டின் பீன்ஸ், பாஸ்தா, டப்பா மீன், தேயிலை, பால். வாறவங்க முகத்தை உத்துப் பாக்கக் கூடாது, வீட்டுல எத்தனை பேருன்னு மட்டும் கேக்கணும்னு பொறுப்பா இருக்கிற அக்கா முதல்நாளே சொல்லிட்டாங்க. கைப்பிள்ளையோட ஒரு பையன் வந்தான், பையை வாங்கிக்கிட்டு மூணு தடவை 'சாரி' சொன்னான். 'தேங்ஸ்' சொல்லல, 'சாரி'தான் சொன்னான்.

ரெண்டு வாரம் முந்தி எல்லாம் முடிஞ்சு மேசை துடைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த அக்கா ஒரு பையை என் கோட்டு பக்கத்துல வச்சு, "இது மிச்சம், தேதி முடியப் போகுது, நீ எடுத்துட்டுப் போனாத்தான் வீணாகாது"ன்னாங்க. என் முகத்தைப் பாக்கல. வீணாப் போயிருமேன்னுதான் வாங்கிக்கிட்டேன். வீட்டுல வந்து பாத்தா ஒண்ணுலயும் தேதி முடியல. அதுல ஒரு கிலோ பாஸ்மதி அரிசி வேற, அது எங்க பையில வழக்கமா போடுறது இல்ல. பஸ்ஸுல வரும்போது ஏமி அம்மை கதைதான் ஓடிச்சு. இதே ஊருத் தெருவுல ஒரு ஏழைக் கிழவியோட மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்து, கோயில் சனம் பாக்குதேன்னு முகம் சிவந்து போனாங்களே, அப்ப "பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல்"னு வசனம் காதுல விழுந்ததே, அந்தக் கதை. அவங்களுக்கு வெக்கம் அடுத்தவங்க மூட்டையைத் தூக்கினதுக்கு. அந்த அரிசியை மூணு நாள் உலையில போடல, அலமாரியில வச்சே பாத்துக்கிட்டு இருந்தேன். பிறகு கஞ்சி வச்சேன். நல்லா இருந்ததும்மா. முதல் கைப்பிடியை எடுத்து ஒரு ஜாம் பாட்டிலில போட்டு வச்சிருக்கேன். யாருக்குன்னு இன்னும் தெரியல.

இனி அசன விஷயம், நம்ம கோயில் விருந்து. வெளிநாட்டு வேலைக்கு ஸ்தோத்திர காணிக்கைன்னு என் பேருல ஒரு கிடாவும் அரிசியும் நோட்டுல எழுதிட்டீங்களாம். புது ஹாலுக்கு என் பேரு போட்டு ஃபேன் வேற. அம்மா, ஃபேன் வேண்டாம். வலதுகை செய்யுறதை இடதுகை அறியக் கூடாதுன்னு வசனம் இருக்கு. வசனத்தைச் சொல்லித் தப்பிக்கேன்னு நினைக்காதீங்க. சரி, கொஞ்சம் தப்பிக்கத்தான் செய்யுதேன். கிடாவும் இந்த வருஷம் வேண்டாம். இங்க பேங்க்ல ஏதோ கணக்கு மாத்துதாங்க, அதனால... இல்ல, பேங்க் மேல பழி போடக் கூடாது. இந்த வருஷம் கிடா ஒத்து வராது, அவ்வளவுதான். அரிசி குடுத்துருவோம். கணக்குப்பிள்ளை மாமாகிட்ட நோட்டுல கிடான்னு எழுதினதை அடிச்சுட்டு அரிசியை மட்டும் வச்சுக்கிடச் சொல்லுங்க. அவர் ஏன்னு கேக்கமாட்டார்.

இன்னைக்கு கோயில்ல இருந்து வாற வழியில யார் வீட்டுலயோ கறி வெந்த வாசம். சட்டுன்னு அசனம் ஞாபகம் வந்துட்டு. விடியக்காலம் தென்னை மூட்டுல அண்டா ஏத்துறதும், ஓலைப் பாயில சோத்தைக் குவிச்சு ஆவி பறக்கிறதும், எல்லா வீட்டுத் தூக்குச்சட்டியும் வரிசையா இருக்கிறதும். அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குழம்பு வாளியோட ஓடுவாங்க. கடைசிப் பந்தி எழும்பின பிறகுதான் அண்டாவுல ஒட்டினதை வழிச்சு என்னைப் பக்கத்துல உக்கார வச்சுத் தின்பாங்க. எலும்பு கூட இருக்காது, வெறும் மசாலா. அம்மா, எனக்கு அந்தப் பந்தியில ஒரு தடவை வந்து உக்காரணும். வேற ஒண்ணும் இல்ல.

ஆச்சி கண்ணு ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. கிறிஸ்மஸுக்கு முந்தியே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க. சொட்டு மருந்தை மதினி போடட்டும், நீங்க போட்டா பாதி கன்னத்துல வழியும். விளையை விக்கணும்னு அண்ணன் சொன்னா, பனை நிக்கிற வரைக்கும் அப்பா பேரும் நிக்கும்னு சொல்லுங்க. ரொம்ப நெருக்கினான்னா எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, சண்டை போடமாட்டேன். என் வளையல் ரெண்டையும் கல்யாண வீட்டுக்கு மதினி கேட்டாளாம். பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க. எங்கன்னு கேட்டா அண்ணனுக்குத் தெரியும். வாத்தியார் மாமா கொண்டு வந்த வரனைப் பத்தி இப்ப பேச்சு வேண்டாம், கோடை விடுமுறைக்குப் பாப்போம். அச்சுமுறுக்கு சுடும்போது எண்ணெய் காயுறதுக்கு முந்தி அச்சை முக்கிராதீங்க, போன வருஷம் அத்தனையும் ஒட்டிப் போச்சுன்னு மதினி சொன்னா.

எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். எனக்காக ஜெபிச்சுக்கிடுங்க.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: அசன நோட்டுல எழுதினது 25 கிலோ சிப்பமா, 75 கிலோ மூட்டையான்னு அண்ணன்கிட்ட கேட்டு உடனே மெசேஜ் போடச் சொல்லுங்க.