இருபது நிமிடத்தில் ஒரு வார்டைக் காலி செய்ய முடியுமா? ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்புச் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காசா நகரின் அல் அஹ்லி அரபு மருத்துவமனையைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1882இல் ஆங்கிலேய மிஷனரிகள் தொடங்கிய அந்த மருத்துவமனையை இன்று எருசலேம் ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் நடத்துகிறது. போருக்கு முன்பே காசாவில் கிறிஸ்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். அங்கே வரும் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். இதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். 2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு விடியும் முன் நடந்ததும் இருக்கும்.

எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவத்தின் உத்தரவு வந்தது. இருபது நிமிடத்தில் குண்டு விழுந்தது என்கிறது மறைமாவட்டம். மரபணு ஆய்வகம் தரைமட்டமானது. மருந்தகமும் அவசர சிகிச்சைப் பிரிவும் சேதமாயின. தலையில் காயத்தோடு சிகிச்சையில் இருந்த ஒரு குழந்தை, அவசர அவசரமாக வெளியேற்றியபோது இறந்துபோனது.

நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தலையில் அடிபட்ட பிள்ளையை வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். கழுத்து அசையக் கூடாது. மூச்சு திணறினால் ஒருவர் தலைமாட்டில் நின்று, மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வர வேண்டும். இன்னொருவர் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிலிண்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். கரண்டும் லிஃப்டும் இருந்து, ஸ்கேன் அறைக்கு முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தால்கூட, ஒரே ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் ஓடிவிடும். அங்கே ஒரு பிள்ளையா இருந்தது? நடக்க முடியாதவர்கள் நிறைந்த மருத்துவமனை அது. வெளியே தெருதான் இருந்தது.

உள்ளே ஹமாஸின் கட்டளை மையம் இருந்தது என்றது இஸ்ரேல் ராணுவம். ஹமாஸ் மறுத்தது. சரி, ஆதாரம் இருந்தால் அதை வெளியே வைக்கட்டும். ஆனால் போரில் பொதுமக்களைக் காக்க வந்த நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு மருத்துவமனை தனக்குரிய பாதுகாப்பை இழந்ததாகச் சொல்லப்பட்டாலும், எச்சரித்து, நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே கைவைக்கலாம். இருபது நிமிடம் நியாயமான அவகாசமா? இதை நீங்கள் விசாரிக்க வேண்டும். விசாரித்து, பதிலை ஊரறியச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இதுதான்.

2015இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் மருத்துவமனை மீது நடந்த விமானத் தாக்குதலில் 42 பேர் இறந்த பிறகு, மருத்துவமனைகளைக் காக்க 2286ஆம் தீர்மானத்தை 2016 மே 3 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது உங்கள் சபை. மருத்துவமனைத் தாக்குதல்களைப் பாரபட்சமின்றி உடனே விசாரிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. அந்தத் தாளுக்கு அல் அஹ்லி வளாகத்தில் என்ன மதிப்பு இருந்தது? 2023 அக்டோபர் 17 அன்று முற்றத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அது யாருடைய ஏவுகணை என்ற வாதம் இன்றும் தீரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனக் குழு போனபோது அறுவை சிகிச்சை அறைகள் முடங்கிக் கிடந்தன. வளாகத்துத் தேவாலயத்தில் படுத்திருந்தவர்கள் வலியில் கதறியதோடு குடிக்கத் தண்ணீரும் கேட்டார்கள். குருத்தோலை ஞாயிறோடும் முடியவில்லை. 2025 ஜூன் 5 அன்று அதே வளாகத்தில் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள்.

தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2009இல் இலங்கையின் இறுதிப் போரில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்தன. அந்தப் போரில் ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் உள்ளக ஆய்வே 2012இல் எழுதியது. அப்படி ஓர் அறிக்கைக்கு இந்த முறையும் எங்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். அறிக்கை வரும்போது வார்டில் யார் இருப்பார்கள்?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோளைத் திரும்பவும் பணிவோடு வைக்கிறேன். ஏப்ரல் 13 தாக்குதலுக்கு ஒரு சுதந்திரமான விசாரணை வையுங்கள். உத்தரவு போட்டவர் யார், இருபது நிமிடம் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார் என்று கேளுங்கள். கிடைத்த பதிலை, முதலில் அந்தக் குழந்தையின் வீட்டாருக்கும் அந்த வார்டு நர்ஸுகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்