பாய்லர் ரூமிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

1971 இந்திய-பாகிஸ்தான் போரை வைத்து எழுதிய நாவல் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் நன்றி, விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், அதை ஓட்டும் நீராவியைத் தயாரிக்கும் பாய்லர் ரூமில், என்னோடு மிடில் வாட்ச் (நள்ளிரவு முதல் நான்கு மணி வரையிலான பணிமுறை) பார்த்த நண்பனுக்கு. 1971 டிசம்பர் 4 அன்று எங்கள் கப்பலின் சீ ஹாக் போர் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பியதை ஓர் அத்தியாயம் முழுக்க எழுதி அவனுக்கு அனுப்பியிருந்தேன். கதாநாயகன் மேல்தளத்தில் நின்று கையசைக்கிறான். மறுநாளே போன். “டேய், நீ எங்கடா அதைப் பார்த்தே? நாம கீழேல்ல இருந்தோம்!”

சுருக்கென்றது. நாங்கள் பார்த்ததெல்லாம் பாய்லரின் கேஜ் கிளாஸில் (நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில்) ஏறி இறங்கும் தண்ணீர் மட்டத்தைத்தான். மேலே நீராவியால் இயங்கும் கேட்டபல்ட் ஒரு விமானத்தை உந்தித் தள்ளினால், கீழே நீராவி அழுத்தம் காட்டும் முள் லேசாக இறங்கி ஏறும். அதை வைத்து எத்தனை போயிற்று என்று விரல்விட்டு எண்ணுவோம். நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை நம்பித்தான் போருக்கே போனோம். கப்பல் வேகம் குறைந்தால் தளத்தில் எதிர்க்காற்று குறையும், விமானம் ஏறத் திணறும். அந்தப் பயத்தை விட்டுவிட்டுக் கையசைக்க வைத்திருக்கிறேன், பாருங்கள்! அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு அந்த முள்ளை வைத்தே மறுபடி எழுதினேன். ‘போர் நாவலில் போரே இல்லையே’ என்று ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது. சரி, போகட்டும்.

அக்கா என் கடிதங்களை ஐம்பது வருஷத்துக்கு மேல் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதக் கூடாது. அதனால் ‘நலம், நலமறிய ஆவல்’ தவிர அவற்றில் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு கடிதத்தின் ஓரத்தில் பாய்லருக்கு எரிபொருளான ஃபர்னஸ் ஆயிலில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. நாவல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கியது. கேப்டன் முல்லா உட்பட 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். நாங்கள் அப்போது வங்கக் கடலில். அந்தப் பக்கங்களை, அந்தக் கப்பலில் அண்ணனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். ‘வீரமரணம்’ என்று எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்து, ‘வீட்டுக்கு வரவில்லை’ என்று மட்டும் எழுதித் தந்தார். அப்படியே விட்டிருக்கிறேன். அவருக்கு நன்றி என்று எழுதவே கை வரவில்லை.

பாய்லரையெல்லாம் கொதிகலன் ஆக்கப் பார்த்து, கடைசியில் விட்டுக்கொடுத்த மெய்ப்புத் திருத்துநருக்கும், என் கோழிக்கிறுக்கலைத் தட்டச்சு செய்த பேத்திக்கும் அன்பு.

நண்பனுக்கு முதல் பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. கண் புரை ஆபரேஷன் ஆகியிருப்பதால் மகன் வாசிக்க, கேட்கிறானாம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வால்வைத் தப்பான பக்கம் திருப்பியிருக்கிறேன் என்று நேற்றே தகவல் வந்துவிட்டது. அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன்டா.