தயிர்சாதத்திலிருந்து ட்ரை ஃபுட்டுக்கு: பத்து நாள் கணக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாய்க்குப் புது ட்ரை ஃபுட் (பையில் விற்கும் உலர் உணவு) வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாளே போன் செய்து, "இந்த பிராண்ட் ஒத்துக்கலை, லூஸ் மோஷன் ஆகுது" என்பது எங்களுக்குப் பழகிப்போன அழைப்பு. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் குற்றம் பிராண்டின் மேல் இல்லை. ஒரே நாளில் உணவை மாற்றியிருப்பார்கள், அல்லது அளவு கூடியிருக்கும். பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும்.

முதலில் அளவைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் அதிகம் தவறுகிறோம். வெந்த சோற்றில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். 100 கிராம் சோறு தருவது 130 கிலோகலோரி. ட்ரை ஃபுட்டில் தண்ணீர் பத்து சதவீதம்தான். அதே 100 கிராமில் 350-க்கு மேல் இருக்கும். சோறு வைத்த கிண்ணத்தை அதே மட்டத்துக்கு ட்ரை ஃபுட்டால் நிரப்பினால் நாய் வழக்கத்தைவிட அதிகக் கலோரி சாப்பிடுகிறது. சிறுகுடலால் கையாள முடியாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் புளித்து, தண்ணீரை இழுத்துக்கொண்டு பேதியாக வெளியே வருகிறது. டம்ளரை விட்டுவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். டம்ளரில் ஒரு பிராண்ட் 80 கிராம் வரும், இன்னொன்று 110 வரும்.

10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாயை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு ஏறக்குறைய 580 கிலோகலோரி போதும். பையில் 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று போட்டிருந்தால் முழு அளவு 160 கிராம். முதல் மூன்று நாள், வழக்கமான வீட்டுச் சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்துவிட்டு 40 கிராம் சேருங்கள். நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை சாப்பாடு பாதி, ட்ரை ஃபுட் 80 கிராம். அடுத்த மூன்று நாள் கால் பங்கு சாப்பாடு, 120 கிராம். பத்தாம் நாள் முழு 160. இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டியானால் நாலு வேளை. ஒரு பிராண்டிலிருந்து அதே மாதிரியான இன்னொரு பிராண்டுக்கு மாறுவதென்றால் ஏழு நாள் போதும். ஆனால் லேபிளில் கொழுப்புச் சதவீதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 சதவீதத்திலிருந்து 18-க்குத் தாவுவதானால் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதே நல்லது. திடீர்க் கொழுப்பு, கணையம் பலவீனமான நாய்களுக்கு வாந்தியும் கடுமையான வயிற்று வலியும் கொண்டுவரலாம்.

ஏன் இத்தனை நாள்? கணையம் சுரக்கும் நொதிகளின் அளவும் குடலில் வாழும் கிருமிகளின் கூட்டமும், தினமும் வரும் சாப்பாட்டுக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டவை. அவை மாற அவகாசம் வேண்டும்.

கலக்கும்போது சில விஷயங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் மணம் எழும்பும், கோழித்துண்டை மட்டும் பொறுக்கித் தின்னும் நாயும் ஏமாற்றாமல் சாப்பிடும். ஊறியதை நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு மேல் வைக்காமல் எடுத்துக் கொட்டிவிடுங்கள். குடிக்க எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். சோற்றோடு வந்த ஈரம் இனி கிடையாது. இந்த நாட்களில் பிஸ்கட், பால், குழம்பு மிச்சம் எதுவும் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. சாம்பார் சாதம் எப்போதுமே வேண்டாம், அதில் கரைந்த சின்ன வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தடுப்பூசி, பூச்சி மருந்து, வீடு மாற்றம் இருக்கும் வாரத்தில் உணவு மாற்றத்தைத் தள்ளிப் போடுங்கள். வயிறு கெட்டால் காரணம் எதுவென்று மருத்துவருக்கும் புரியாது.

தினமும் மலத்தைப் பாருங்கள். காகிதத்தால் எடுத்தால் தரையில் தடம் விழாமல் உருண்டையாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எடுக்க வந்தாலும் தரையில் பூசிக்கொண்டால் அதே அளவில் இன்னும் இரண்டு நாள் நிற்க வேண்டும். கூழாக இருந்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். அந்தச் சமயத்தில் மூன்றாவது ஒரு பிராண்டை வாங்க வராதீர்கள், நாங்களே விற்க மாட்டோம்.

குட்டிக்குத் துர்நாற்றத்தோடு பேதியும் வாந்தியும் சேர்ந்தால் அது பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். உணவு மாற்றம் என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். ரத்தம், கரிய மலம், தொடர் வாந்தி, சோர்ந்து படுத்தல் எந்த வயதிலும் அப்படித்தான். பேதியை நிறுத்த நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரை கொடுக்காதீர்கள். சில இன நாய்களுக்கு அது மூளையைப் பாதிக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் நாய்க்கும் சிறுநீரக நோயாளிக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கிராம்கூட மாற்ற வேண்டாம்.

பூனை வளர்ப்போர் கவனிக்க: பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடும் வழி பூனைக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். பழைய உணவை ஒரு கிண்ணத்திலும் புதியதைப் பக்கத்தில் இன்னொன்றிலும் வையுங்கள், அதுவே முகர்ந்து பழகட்டும். பிறகு கலக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றால் பழைய உணவுக்கே திரும்புங்கள். அதையும் தொடவில்லையென்றால் மருத்துவர்.

முதல் முறை சிறிய பையே வாங்குங்கள். வரும்போது பழைய பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, செல்லத்தின் எடையையும் குறித்து வந்தால் கிராம் கணக்கு எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் செல்லப்பிராணிக் கடையினர்