மூச்சு விடாமல் சொல்ல வேண்டிய சொல்லா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் சிறுவர் பகுதியில் ‘நீளமான ஆங்கிலச் சொற்கள்’ என்று ஒரு கட்டம் வந்திருந்தது. நியூமோனோ என்று தொடங்கிக் கோனியோசிஸ் என்று முடியும் 45 எழுத்துச் சொல்லை அச்சிட்டு, அதன் கீழே ‘பொருள் கிடக்கட்டும், மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா பாருங்கள்!’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐயா, மூச்சு விட முடியாமல் போகும் நோயின் பெயர் அது. நுண்ணிய சிலிக்கா தூசி உள்ளே போய், நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். மருத்துவர்கள் சிலிகோசிஸ் என்பார்கள். திரிசூலம் பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்த என் அண்ணனுக்கு அது வந்தது. காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என்ன தொழில் செய்தீர்கள் என்று ஒரு மருத்துவர் கேட்ட பிறகுதான் நோயின் உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரிந்தது. கடைசி மாதங்களில் அண்ணனால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் தொழில்நோய் அட்டவணையிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நோய் இது. ஆனால் அண்ணன் வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை. இழப்பீடும் இல்லை.

அந்த நீண்ட சொல்லை மருத்துவர்கள் தேவைப்பட்டு ஆக்கவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. 1935இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், ஆங்கிலத்திலேயே மிக நீண்ட சொல்லாக இருக்கட்டும் என்று கோத்துக் கட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலைக்குள் சுரங்கப்பாதை குடைந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், நூற்றுக்கணக்கில் சிலிகோசிஸ் கண்டு மாண்டார்கள். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களை இதே தூசி கொன்றது. பிள்ளைகள் எழுதிப் பழகும் குச்சிக்காக உயிரை விட்டவர்கள் அவர்கள். சிறுவர் பகுதியில் இதைச் சொல்ல இரண்டு வரி போதாதா?

அந்த ஒரு சொல்லோடு போகவில்லை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் வரிசை மாறாமல் வரும் சொற்கள் என்று ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ் இரண்டையும் கொடுத்திருக்கிறீர்கள். எடுத்துக்காட்டு சரி. ஆனால் ஃபசீஷியஸ் என்றால் ‘முகம் தொடர்பான’ என்று போட்டிருக்கிறது! விளையாட்டுப் பேச்சுக்கு இடமில்லாத நேரத்தில் கேலியாகப் பேசுவதையல்லவா அது குறிக்கும்? முகத்துக்கு உரியது ஃபேஷியல். அப்ஸ்டீமியஸுக்கு ‘மது அருந்தாதவர்’ என்று பொருள் தந்திருக்கிறீர்கள். லத்தீன் மூலச் சொல்லில் மதுவைக் குறிக்கும் பகுதி உண்டு, மறுக்கவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் உணவிலும் குடியிலும் அளவோடு இருப்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். 28 எழுத்து ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசத்துக்கு ‘ஒருவகை எதிர்ப்பு’ என்று எழுதிக் கடந்துவிட்டீர்கள். எதற்கு எதிர்ப்பு? இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசோடு இருந்த உறவைத் துண்டிக்கக் கூடாது என்றவர்களின் நிலைப்பாடு அது. அயர்லாந்தில் 1869ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உறவை முறித்தது. வேல்ஸில் 1920இல் முறிந்தது. இவ்வளவு வரலாறு உள்ள சொல்லை வெறும் நீளத்துக்காக நினைவில் வைத்து ஒரு பிள்ளை என்ன செய்யும்?

முன்பெல்லாம் இதே பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். அவற்றைக் கத்தரித்து ஒட்டி வகுப்புக்குக் கொண்டு போயிருக்கிறேன். அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. குறுக்கெழுத்து விடைகள் ‘அடுத்த இதழில்’ என்று அறிவித்துவிட்டு வராமலே போன வாரங்களும் உண்டு. எங்கள் பகுதிப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சிறுமியை மேடையேற்றி இந்த 45 எழுத்தையும் ஒப்பிக்க வைத்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழே இறங்கியதும், அதற்கு என்ன அர்த்தம் என்று அருகில் அழைத்துக் கேட்டேன். ‘மிஸ் அதெல்லாம் சொல்லித் தரவில்லை’ என்றாள். காய்ச்சல் என்றால் ஆங்கிலத்தில் ஒரு விடுப்புக் கடிதம் எழுத அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் தங்களைப் போன்றவர்களின் இதழைப் பார்த்துத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்த இதழில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் இந்தச் சொற்களுக்குச் சரியான பொருளை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘மூச்சு விடாமல்’ என்ற வரியைத் திரும்பப் பெற்று, சிலிகோசிஸ் யாருக்கு, எதனால் வருகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
பல்லாவரம்.